கோப்பை இடம் மாறிய பருவம்

2013 ஜூன் 2 அன்று போர்ட்டோ நகரின் திராகாவ் காய்ஷா உள்ளரங்கில் ரோலர் ஹாக்கியின் ஐரோப்பிய லீக் இறுதிப்போட்டி நடந்தது. மோதிய இரண்டும் போர்ச்சுகல் கிளப்புகள்: சொந்த அரங்கில் ஆடிய போர்ட்டோவும் லிஸ்பனிலிருந்து வந்த பென்ஃபிகாவும். முழு நேரம் முடிந்தபோது 5-5. கூடுதல் நேரத்தில் பென்ஃபிகாவின் தியோகோ ரஃபாயெல் அடித்த கோல்டன் கோல் ஆட்டத்தை அங்கேயே முடித்துவைத்தது. பென்ஃபிகாவுக்கு அது முதல் ஐரோப்பிய லீக் கோப்பை. பரம எதிரியின் வீட்டுக்கே போய் எடுத்துவந்தது. அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் அதே கிளப்பின் கால்பந்து அணி லீக் பட்டத்துக்கான ஆட்டத்தில் போர்ட்டோவிடம் கடைசி நிமிடக் கோலில் தோற்றிருந்தது. யூரோப்பா லீக் இறுதியில் செல்சியிடமும், போர்ச்சுகல் கோப்பை இறுதியில் கிமாராய்ன்ஷிடமும் தோற்றிருந்தது. இத்தனை வேதனைக்கு மருந்தாக வந்த வெற்றி என்றே ரசிகர்கள் 2012-13 பருவத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பருவத்தின் உண்மையான எடை அந்தக் கோலில் இல்லை. சுமார் அரை நூற்றாண்டு காலம் ஸ்பெயினின் சிறு நகரங்களும் பார்சிலோனாவும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்த ஒரு கோப்பை, போர்ச்சுகலின் பெரிய கால்பந்துக் கிளப்புகளின் கைக்கு மாறத் தொடங்கியது அந்தப் பருவத்தில்தான். மாறியதற்குக் காரணம் வீரர்களின் திறமையில் ஏற்பட்ட ஏற்ற இறக்கம் இல்லை என்பதும், கிளப்புகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதில் இருந்த வேறுபாடுதான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஹாக்கி என்றால் புல்தரையையும் செயற்கைப் புல்லையும் நினைக்கும் நமக்கு இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில், இரண்டிரண்டாக நான்கு சக்கரங்கள் பொருத்திய காலணிகளோடு, கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். வளைந்த மட்டை, கெட்டியான ரப்பர் பந்து, சுற்றிலும் ஒரு மீட்டர் உயரத் தடுப்பு. பந்து தடுப்பில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் தொடரும். கோலின் அகலம் 170 செ.மீ., உயரம் 105 செ.மீ.; அதற்குள் முழங்கால் மடக்கி உட்கார்ந்த நிலையிலேயே கோல்கீப்பர் ஆட்டம் முழுவதையும் கழிப்பார். ஓர் அணியின் தவறுகள் எண்ணப்பட்டுக்கொண்டே வரும். பத்தாவது தவறு விழுந்ததும் எதிரணிக்கு நேரடி அடி கிடைக்கும். அதன்பின் ஒவ்வொரு ஐந்து தவறுக்கும் ஒன்று. 7.40 மீட்டர் தொலைவில் பந்தை வைத்துக்கொண்டு ஒரே ஓர் ஆட்டக்காரர், எதிரே ஒரே ஒரு கோல்கீப்பர். அங்கிருந்தே அடிக்கலாம், சறுக்கிக்கொண்டு போய் ஏமாற்றியும் போடலாம். சமபலமுள்ள இரண்டு அணிகளுக்கிடையே இந்தச் சில நொடிகளே முடிவைத் தீர்மானிப்பதால், தேர்ந்த கோல்கீப்பரும் தேர்ந்த நேரடி அடிக்காரரும் இந்த ஆட்டத்தில் தங்கத்துக்குச் சமம். அத்தகையவர்களை வைத்துக் காப்பாற்ற யாரால் முடிகிறது என்பதே பின்னால் வரப்போகும் கேள்வி.

முதலில் கணக்கு. 1965-66இல் தொடங்கிய இந்தப் போட்டி, ஐரோப்பியக் கோப்பை, ஐரோப்பிய லீக், சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறினாலும் ஒரே தொடர்ச்சி உடையது. 2024 வரை, கொரோனாவால் முடிக்கப்படாத 2020ஐ விட்டுவிட்டால், 58 முறை பட்டம் வழங்கப்பட்டிருக்கிறது. ஸ்பெயின் கிளப்புகள் 46, போர்ச்சுகல் 10, இத்தாலி 2. வேறெந்த நாடும் வென்றதில்லை. இந்த மொத்தத்தை 2013இல் வெட்டிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். 2012 வரையிலான 47 பட்டங்களில் ஸ்பெயினுக்கு 42, போர்ச்சுகலுக்கு 4, இத்தாலிக்கு 1. 2013 முதல் 2024 வரையிலான 11 பட்டங்களில் போர்ச்சுகலுக்கு 6, ஸ்பெயினுக்கு 4, இத்தாலிக்கு 1. போர்ச்சுகல் வென்ற இந்த ஆறு பருவங்களிலும் இறுதிப்போட்டியில் எதிரே நின்றதும் போர்ச்சுகல் கிளப்பே: 2013இல் போர்ட்டோ, 2016இல் ஒலிவெய்ரென்ஸே, 2019இலும் 2021இலும் மீண்டும் போர்ட்டோ, 2023இல் வலோங்கோ, 2024இல் மறுபடி ஒலிவெய்ரென்ஸே. ஒரு நல்ல அணி தலையெடுத்து நாலைந்து ஆண்டு கோலோச்சிவிட்டுப் போனது என்று இதை விளக்க முடியாது. வென்றவை மூன்று கிளப்புகள்; இறுதியில் தோற்றவற்றில் இன்னும் இரண்டு சிற்றூர்க் கிளப்புகளும் உண்டு.

இதை வீரர்களின் திறமை மாற்றம் என்று எடுத்துக்கொள்வது எளிது. நாட்டு அணிகளின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. இங்கிலாந்தில் பிறந்து, 1926இல் ஹெர்ன் பே என்ற கடற்கரை ஊரில் முதல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் கண்ட இந்த ஆட்டத்தில், இரண்டாம் உலகப்போர் வரை ஆங்கிலேயரே ராஜா. போர் முடிந்து 1947இல் லிஸ்பனில் போட்டி நடந்தபோது போர்ச்சுகல் அந்த இடத்தைப் பிடித்தது. அதன்பின் விட்டுக்கொடுத்ததும் மீட்டதுமாக, 2019 வரை 16 முறை உலக சாம்பியன். 1991இலும் 1993இலும் உலகப் பட்டம், 1992 முதல் 1998 வரை தொடர்ந்து நான்கு ஐரோப்பியப் பட்டங்கள் என்று 1990கள் போர்ச்சுகலின் பொற்காலம். அதே 1990களில் அந்நாட்டுக் கிளப்புகளின் நிலை என்ன? 1990இல் போர்ட்டோவும் 1991இல் பார்செலோஸ் கிளப்பும் வென்றதோடு சரி. அடுத்த கோப்பைக்கு 22 ஆண்டுகள். எதிர்த்திசையில் பார்த்தாலும் இதே கதைதான். 2005, 2007, 2009, 2011 என்று உலகப் பட்டங்களை அடுக்கிக்கொண்டே வந்த ஸ்பெயின், பென்ஃபிகா கோப்பை வாங்கிய சில மாதங்களில், 2013 செப்டம்பரில் அங்கோலாவில் ஐந்தாவது முறையும் தொடர்ந்து உலக சாம்பியன் ஆனது. பார்சிலோனாவைச் சூழ்ந்த கத்தலோனியப் பகுதிப் பையன்கள் ஸ்கேட் கட்ட மறந்துவிடவில்லை. உலகிலேயே சிறந்த ஆட்டக்காரர்களை வைத்திருந்த நாடு கிளப் கோப்பையை இழக்கத் தொடங்கியது என்பதே விளக்கப்பட வேண்டிய புதிர்.

புதிருக்கு விடை தேட, பழைய வெற்றியாளர்களின் முகவரிகளைப் பார்க்க வேண்டும். முதல் கோப்பையை வென்ற வோல்ட்ரெகா, நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 1975இலும் 1976இலும் மறுபடி வென்றது. ரெயுஸ் 1967 முதல் 1972 வரை தொடர்ந்து ஆறு முறை. ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வாழும் தோல் பதனிடும் நகரமான இகுவலாதா, 1993க்கும் 1999க்கும் இடையே ஆறு முறை. கத்தலோனியாவின் நுரை ஒயின் தயாராகும் சன்ட் சதுர்னியின் நோயா கிளப் 1989இல். கத்தலோனியாவுக்கு வெளியே, வடமேற்கு மூலையிலுள்ள ஆ கொருன்யாவின் லிசெயோ ஆறு முறை. கால்பந்தில் ஒரு நாலாயிரம் பேர் ஊர் ஐரோப்பிய சாம்பியன் ஆவதை யாரும் கனவுகூடக் காண மாட்டார்கள். இங்கே அது மூன்று முறை நடந்தது. பார்சிலோனா 22 பட்டங்களோடு உச்சியில் இருப்பது உண்மைதான். ஆனாலும் 1986 முதல் 1996 வரை பதினொரு ஆண்டுகள் அந்த மாபெரும் கிளப்பால் ஒரு பட்டம்கூட வாங்க முடியவில்லை. தடுத்தவர்களில் பெரும்பாலோர் மேற்சொன்ன ஊர்க்காரர்களே. ஊரில் உள்ள ஆலையோ கடையோ விளம்பரத்துக்குப் பணம் தரும், நகராட்சி அரங்கத்தைத் தரும், பள்ளிப் பிள்ளைகள் ஆட்டக்காரர்களாக வருவார்கள். வரவும் செலவும் ஊருக்குள்ளேயே சுற்றிவரும் ஏற்பாடு அது. ஆட்டக்காரர்களின் சம்பளம் சிறியதாக இருந்தவரை அது போதுமானதாகவும் இருந்தது.

போர்ச்சுகலில் கட்டமைப்பே வேறு. பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்டிங் மூன்றும் கால்பந்தால் வளர்ந்த பலவிளையாட்டுக் கிளப்புகள். சந்தா கட்டும் உறுப்பினர்கள், கால்பந்து வருமானம், சொந்த அரங்கம் ஆகிய மூன்றும் ஹாக்கிப் பிரிவுக்குப் பின்னால் நிற்கின்றன. போர்ட்டோவின் திராகாவ் காய்ஷா 2009இல் திறக்கப்பட்டது. ஸ்போர்டிங்கின் ஜுவாவ் ரோஷா அரங்கம் 2017இல். 1977இல் ரமல்யேத்தே, ரென்தெய்ரோ, சோப்ரின்யோ, ஷானா, லிவ்ரமெந்தோ என்ற ஐவரோடு நாட்டின் முதல் ஐரோப்பியக் கோப்பையைக் கொண்டுவந்த ஸ்போர்டிங், பிற்காலத்தில் ஹாக்கியையே கைகழுவியிருந்தது. மீண்டும் தொடங்கிய பின் 2015இல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பை, 2019, 2021, 2024இல் முதல்நிலைக் கோப்பை என்று விறுவிறுவென ஏறிவந்தது. இத்தகைய வேகம் பணம் இருக்கும் இடத்தில்தான் சாத்தியம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இந்தக் கிளப்புகள் 2013இலா பணக்காரர் ஆயின? போர்ட்டோவும் பென்ஃபிகாவும் எப்போதுமே பெரிய கிளப்புகள்தானே; பிறகு ஏன் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெறுங்கையோடு திரும்பின? இதற்கான பதில் உள்நாட்டு லீகில் கிடைக்கிறது. 2002 முதல் 2011 வரை போர்ச்சுகல் லீகை ஒரே கிளப், போர்ட்டோ, தொடர்ந்து பத்து முறை வென்றது. அந்தப் பத்து ஆண்டுகளில் ஐரோப்பாவின் முதல்நிலைக் கோப்பை போர்ச்சுகலுக்கு ஒருமுறைகூட வரவில்லை. 2012இல் பென்ஃபிகா அந்தச் சங்கிலியை அறுத்தது; மறு ஆண்டே ஐரோப்பியக் கோப்பை. அதன்பின் 2013இல் போர்ட்டோ, 2014இல் வலோங்கோ என்ற சிறு கிளப், 2015இலும் 2016இலும் பென்ஃபிகா, 2017இல் போர்ட்டோ, 2018இல் ஸ்போர்டிங் என்று லீக் பட்டம் கைமாறிக்கொண்டே இருந்தது. எதிராளி இல்லாத கிளப் ஓர் அளவுக்கு மேல் செலவழிக்காது; பக்கத்து வீட்டுக்காரன் ஒரு கோல்கீப்பரை வாங்கினால் நாமும் ஒருவரை வாங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடிதான் பையைத் திறக்க வைக்கிறது. பணம் முன்பே இருந்தது. அதை ஹாக்கியில் இறக்கும் அவசரத்தைப் போட்டி உண்டாக்கியது. ஸ்பெயினில் நடந்தது நேர்மாறு. 2013இல் லிசெயோ லீகை வென்ற பிறகு, 2014 முதல் 2019 வரை ஆறு பருவமும் பார்சிலோனாவுக்கே. ஐரோப்பாவின் முதல்நிலைக் கோப்பையை இகுவலாதா கடைசியாக வென்றது 1999இல், லிசெயோ 2012இல். பார்சிலோனா தனிமரமாக நின்றது.

பொருளாதார நெருக்கடியே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று சிலர் சொல்லலாம். 2013 தொடக்கத்தில் ஸ்பெயினில் வேலையின்மை 27 சதவீதத்தைத் தொட்டது. ஊர் ஆலைகளும் நகராட்சிகளும் கையைச் சுருக்கிக்கொள்ளாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் போர்ச்சுகலும் அப்போது சொர்க்கத்தில் இல்லை. 2011இல் 7,800 கோடி யூரோ மீட்புக் கடன் வாங்கி, கடன் கொடுத்தவர்களின் கண்காணிப்பில் இருந்த நாடு அது. இரு நாடுகளும் ஒரே புயலில் சிக்கின. ஒன்றின் கிளப்புகள் ஊர் வருமானத்தை நம்பியிருந்தன. மற்றதன் கிளப்புகள் நாடு முழுவதும் பரவிய உறுப்பினர்களையும் கால்பந்தையும் நம்பியிருந்தன. நெருக்கடி தன்னளவில் எதையும் தீர்மானிக்கவில்லை. முன்பே இருந்த வேறுபாட்டை அது பெரிதாக்கிக் காட்டியது என்று சொல்வதே பொருத்தம்.

ஆட்டக்காரர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் இது இன்னும் துலங்கும். 2009இல் ரெயுஸ் ஐரோப்பியக் கோப்பை வென்றபோது கோலைக் காத்த கியெம் திரபால், 2016இல் பென்ஃபிகா வென்றபோது பென்ஃபிகாவின் கோலில் இருந்தார். அவரோடு மார்க் தோர்ரா, ஜோர்தி அத்ரொயெர் என்ற கத்தலோனியர்களும், கார்லோஸ் நிகோலியா என்ற அர்ஜென்டினரும். 2017இல் ரெயுஸுக்காகக் கோப்பை வென்ற ரவுல் மரீன், 2019இல் ஸ்போர்டிங்குக்காக வென்றார். அந்த அணியில் பெத்ரோ ஹீல், ஃபெர்ரான் ஃபோன்ட், தோனி பெரெஸ் எல்லாம் ஸ்பெயின்காரர்களே. 2013 இறுதியில்கூட போர்ட்டோவின் கோல்கீப்பர் எதோ போஸ்க் கத்தலோனியர்தான். அவர் அங்கே பல்லாண்டு ஆடியவர். ஆகவே போர்ச்சுகல் பட்டங்கள் என்று எண்ணப்படுபவற்றில் பாதி வியர்வை கத்தலோனியச் சிற்றூர்களில் பழக்கப்பட்டது. இதைக் காட்டி, அப்படியானால் மாற்றம் என்று எதுவுமே நடக்கவில்லையே என்று வாதிடுவோர், என் வாதத்தையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். பயிற்சி தந்த ஊர் மாறவில்லை. சம்பளம் தரும் ஊர் மாறிவிட்டது.

தற்செயல் என்ற மறுப்பையும் தட்டிக்கழிக்கக் கூடாது. 2012-13இன் அமைப்பில் குழுச் சுற்றும் காலிறுதியும் சொந்த அரங்கிலும் எதிரி அரங்கிலுமாக மாறிமாறி நடக்கும். கடைசி நான்கு அணிகள் மட்டும் ஓரிடத்தில் கூடி இரண்டே நாளில் முடித்துக்கொள்ளும். அந்த ஆண்டு பென்ஃபிகா அரையிறுதியில் பார்சிலோனாவைக் கடந்தது, போர்ட்டோ இத்தாலியின் வால்தான்யோவைக் கடந்தது. இரண்டு நாள், இரண்டு ஆட்டம், ஒரு கோல்டன் கோல். பந்து கம்பத்தில் பட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காதா? இருந்திருக்கும். போர்ட்டோ வென்றிருந்தாலும் பட்டம் போர்ச்சுகலுக்கே. அந்த இறுதிப்போட்டி எப்படி முடிந்தாலும் 22 ஆண்டு வறட்சி அன்று தீர்ந்திருக்கும். வேறொரு வாதம், ஒரு நாட்டிலிருந்து பல கிளப்புகளை அனுமதித்ததால் இது நேர்ந்தது என்பது. அந்த அனுமதி 1996-97இலேயே வந்துவிட்டது. பதினாறு பருவங்கள் அது போர்ச்சுகலுக்கு ஒரு கோப்பையும் ஈட்டித் தரவில்லை. விதி கதவைத் திறந்து வைத்தது, அவ்வளவே.

போட்டி நடத்தும் இடம் பற்றிய மறுப்பு இவற்றைவிடக் கனமானது. 2016 முதல் 2024 வரை நடந்த எட்டு இறுதிக் கட்டங்களில் ஏழு போர்ச்சுகலில் நடந்தன: லிஸ்பனில் இருமுறை, போர்ட்டோவில் இருமுறை, லூசோ, தோர்ரெஸ் நோவாஸ், வியானா தோ காஸ்தேலோ. விதிவிலக்கு 2017இல் ஸ்பெயினின் லெய்தா மட்டும். அங்கே வென்றது ரெயுஸ். வீட்டு அரங்கின் கூச்சல் நடுவரையும் ஆட்டக்காரரையும் பாதிக்காது என்று சொல்ல முடியாது. 2016இல் பென்ஃபிகாவும் 2019இல் ஸ்போர்டிங்கும் தங்கள் அரங்கிலேயே கோப்பை வாங்கின. ஆனால் 2014இல் பார்சிலோனாவும் அப்படியேதான் வாங்கியது. சொந்த அரங்கு அத்தனை பலமென்றால் போர்ட்டோதான் முதல் பயனாளியாக இருந்திருக்க வேண்டும். அதுவோ 2013இல் பென்ஃபிகாவிடமும் 2018இல் பார்சிலோனாவிடமும் தன் வீட்டிலேயே இறுதிப்போட்டிகளைத் தோற்றது; 2014, 2019, 2021இலும் இறுதியில் தோற்று, 1990க்குப் பிறகு 33 ஆண்டு காத்திருந்து 2023இல்தான் வென்றது. போட்டியை நடத்தும் உரிமைக்கே செலவு உண்டு, கூட்டம் வேண்டும், அரங்கம் வேண்டும். யாரிடம் அவை இருக்கின்றனவோ அவர்களே நடத்துகிறார்கள். ஆகவே இடத்தை ஒரு தனிக் காரணமாகக் கொள்வதைவிட, பணம் மாறியதன் இன்னொரு விளைவாகக் கொள்ளலாம். அந்த விளைவு பிறகு வெற்றியையும் கொஞ்சம் ஊட்டி வளர்த்திருக்கும் என்பதை மறுக்கவில்லை.

என் கணக்குக்கு அடங்காதவை இரண்டு உண்டு. ஒன்று 2017: பத்து ஆண்டு அலைக்கு எதிராக ரெயுஸ் வென்றது. மற்றொன்று 2022. ஐரோப்பிய நிர்வாகத்தோடு பிணங்கிப் பெரிய கிளப்புகள் பல விலகி நின்ற பருவம் அது. எண்ணாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இத்தாலியின் திரிசினோ, வலோங்கோவை இறுதியில் வீழ்த்தியது. அந்தப் பட்டத்தின் மதிப்பைப் பலர் குறைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வராதவர்களின் குற்றத்துக்கு வந்தவர்களைத் தண்டிப்பது முறையில்லை. ஆனால் அந்தப் பருவம் என் வாதத்துக்கு ஒரு சோதனையைத் தானே நடத்திக் காட்டியது: பணமுள்ள கிளப்புகள் ஒதுங்கியதும் இறுதிக்கு வந்தவை இரண்டு சிறிய ஊர்க் கிளப்புகள்.

இந்த மாற்றம் ஆட்டத்துக்கு நல்லதா? ஆட்டத்தின் தரம் உயர்ந்திருக்கிறது, போர்ச்சுகல் அரங்குகள் நிரம்புகின்றன, ஆட்டக்காரர்களுக்குத் தொழில் கிடைக்கிறது. இவற்றை இழப்பென்று யாரும் சொல்ல முடியாது. பார்சிலோனா தொடர்ந்து எட்டு ஆண்டு கோப்பையை வைத்திருந்த 1978-85 காலத்துக்காக ஏங்கவும் காரணமில்லை. எனக்குள்ள மனக்குறை வேறு. ஒரு கோல்கீப்பரை ஏழு வயதில் உட்காரப் பழக்கி, இருபது வயதில் உலகத் தரத்துக்குக் கொண்டுவரும் ஊருக்கு, அவர் லிஸ்பனில் கோப்பை தூக்கும் நாளில் கிடைப்பது பெருமை மட்டும். ஐரோப்பிய நிர்வாகம் இறுதிக் கட்டத்தை எங்கே நடத்துவது என்று ஏலம் கேட்பதோடு நிற்காமல், அந்த வருமானத்தில் ஒரு பங்கை ஆட்டக்காரர்களை உருவாக்கிய ஊர்க் கிளப்புகளுக்குத் திருப்ப வேண்டும். பெரிய கிளப்புகளுக்கு இது தருமம் ஆகாது. நாளைய அணியை அவர்கள் தேடப்போவதும் அதே ஊர்களில்தான்.